எமிலின் பச்சைக் கொம்பு

கூடுதல் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களை முன்னாலேயே உள்ளே விட்டுவிட்டார்கள். எங்களுடையது சாதாரணச் சீட்டு. தீயணைப்பு நிலைய மண்டபத்தின் வாசலில், ஏரிக்காற்று மூக்கு நுனியைச் சீவிக்கொண்டிருக்க, வரிசையில் நின்றோம். பிப்ரவரி மாதம். ஏரி கண்ணுக்கு எட்டிய தூரம் உறைந்து கிடந்தது. வரிசையில் பாதிப் பேர் கையில் தெர்மோகோல் பெட்டி. தூரத்திலிருந்து பார்ப்பவன் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிற கூட்டம் என்றுதான் நினைப்பான். வெதுவெதுப்பான கடலில் வளர வேண்டிய பவளத்தை வாங்கக் குளிரில் நிற்கிறோம் என்று சொன்னால் ஆலைக்காரர்களே சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் எமில் ஹ்ருஷ்கா நின்றிருந்தார். இரும்பு ஆலையில் நிலக்கரியைச் சுடும் கோக் சூளையில் எங்கள் கும்பலுக்கு மேஸ்திரியாக இருந்தவர். சூளையை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அவரை நாங்கள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறோம்.

"முன்னாடி போனவன் எல்லாம் நல்லதைப் பொறுக்கிட்டுப் போயிடுவான் மேஸ்திரி. கொஞ்சம் கூடக் குடுத்து அந்தச் சீட்டையே வாங்கியிருக்கலாம்."

"நான் எதையும் பொறுக்க வரல. என்னோடதைத் திருப்பிக் கேக்க வந்திருக்கேன். அதுக்கு எதுக்குடா முன்சீட்டு?"

"குடுப்பானா?"

"ஏன் குடுக்க மாட்டான்?"

 அவருடையதை வைத்திருக்கிற ரஸல் நோல்டி டிசம்பரிலிருந்து மேஸ்திரியின் போனை எடுக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் கேட்க வந்தது ஒரு கொம்புப் பவளத்தின் நகத்தளவுத் துண்டு. சூளையை மூடிய வருஷம், கடைத்தெருவில் மூடிக்கொண்டிருந்த ஒரு வளர்ப்பு மீன் கடையில், முக்கால்வாசி செத்துப்போன கட்டையிலிருந்து உயிருள்ள நுனியை மட்டும் ஒடித்து எடுத்துவந்தார். கடைக்காரன் காசு வாங்கவில்லை, குப்பைக்குப் போக வேண்டியது என்றான். எமிலுக்கு அப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டு நிலவறையில் தொட்டி கட்டினார். தண்ணீரில் உப்பையும் சுண்ணாம்பையும் அளந்து போட்டார். விளக்கை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். அந்த நுனி மூச்சு விடவே ஒரு வருஷம் எடுத்துக்கொண்டது. பிறகு கிளைத்தது. பாட்டில் கண்ணாடியின் பச்சை, நுனி மட்டும் ஊதா. பல வருஷத்தில் கூடைப்பந்து அளவுக்கு வந்துவிட்டது.

எங்கள் பவளம் வளர்ப்போர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக வளர்ந்ததை வெட்டித் தெரிந்தவர்களிடம் கொடுத்துவைப்போம். விற்பனை இல்லை, தானமும் இல்லை. என்னுடையது செத்தால் உன்னுடையதிலிருந்து எனக்கு ஒரு துண்டு தர வேண்டும், அவ்வளவுதான். இதை 'பாங்கில் போடுவது' என்போம். எமில் அந்தப் பச்சைக் கொம்பை ஒருமுறைகூட விற்றதில்லை. கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தார். கொடுக்கும்போது இந்த ஒரு நிபந்தனையை மட்டும் சொல்வார். ஆர்டுரோவிடம் இருந்தது, என்னிடம் இருந்தது, தெருவுக்குத் தெரு இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பனிமழை பெய்து மின்கம்பிகள் எல்லாம் உறைந்து கண்ணாடிக் குழாய் மாதிரி ஆகி அறுந்தன. கிழக்குப் பக்கம் முழுக்க மூன்று நாள் மின்சாரம் இல்லை. எமிலிடம் ஜெனரேட்டர் இருந்தது. இரண்டு வருஷமாகத் தொடாத பெட்ரோல் உள்ளேயே பிசினாக இறுகிப்போயிருந்தது. கயிற்றை இழுத்து இழுத்து அவருடைய தோள் இறங்கியதுதான் மிச்சம். தண்ணீர் ஓடவில்லை, சூடு இல்லை. இரண்டாம் நாள் பவளத்தின் தோல் சளியாகக் கழன்று மிதந்தது. மூன்றாம் நாள் நிலவறைக்குள் போக மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நான் வாளி வாளியாக அள்ளிக் கொட்டினேன். பிறகு என் வீட்டுக்குப் போய் அங்கேயும் அதையே செய்தேன்.

இதில்தான் எங்கள் முட்டாள்தனம். சூளையில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். ஒரு குழாய் போனால் மாற்றுக் குழாய் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுப்புப் பக்கம் கால் வைக்க மாட்டோம். பவளத்தைத் தெரு முழுக்க ஆளுக்கொன்று பாங்கில் போட்டோமே, அத்தனை வீட்டுக்கும் வருவது ஒரே மின்கம்பி என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஒரே வாரத்தில் எல்லாருடையதும் செத்தது.

துண்டு வாங்கியவர்களில் ரஸல் ஒருவன்தான் நெடுஞ்சாலை தாண்டித் தெற்கே குடிபோயிருந்தான். அங்கே விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை.

கதவு திறந்தது. மணிக்கட்டில் முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். வாசலில் ஒரு பலகை: இங்கே விற்பவை எல்லாம் தொட்டியில் வளர்த்தவை, கடலிலிருந்து எடுத்த துண்டு ஒன்றுகூட இல்லை. அது உண்மைதான். எல்லாம் வேலை போனவர்களின் கார் ஷெட்டிலும் நிலவறையிலும் வளர்ந்தவை. அந்த மண்டபத்தில் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பாதிக் கைகள்கூட உயராது.

ஜன்னல்களைக் கறுப்பு பிளாஸ்டிக் போட்டு மூடியிருந்தார்கள். மேஜைக்கு மேஜை நீல விளக்கு. அந்த நீலத்தில்தான் பவளம் நெருப்புத் துண்டு மாதிரி எரியும். மனுஷன் மட்டும் பிணம் மாதிரி தெரிவான், பல்லும் சட்டையில் ஒட்டிய நூலும் மினுங்கும். ஆழமில்லாத தட்டுத் தொட்டிகளில் விரல்கடை அளவுத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன வட்டக் கல்லில் ஒட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல வரிசையாக. நீலத்தை மட்டுப்படுத்தும் ஆரஞ்சுக் கண்ணாடியைப் போனில் மாட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். நான் எப்போதும் ஒரு வெள்ளை டார்ச் வைத்திருப்பேன். ஒரு கடையில் 'டிராகன் ரத்தம்' என்று பேர் எழுதியிருந்ததன் மேல் அடித்தேன். காப்பித்தூள் நிறம்.

கடைக்காரன் முறைத்தான். "டார்ச் அடிக்கக் கூடாது சார்."

"ஏன், அதுக்குக் கண்ணு கூசுமா?"

"வாங்கறவங்களுக்குக் கூசும்."

சிரிக்காமல் சொன்னான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

முதலில் இந்தச் சந்தை இப்படி இல்லை. சீட்டாடும் மேஜையைப் பிரித்துப் போட்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, நான் இதைத் தருகிறேன் நீ அதைத் தா என்று மாற்றிக்கொள்வோம். மதியத்துக்குள் முடிந்துவிடும், மிச்ச நேரம் பீர் குடிப்போம். இப்போது கடைக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு சின்னம், சின்னம் போட்ட பனியன். பவளத்துக்கெல்லாம் மல்யுத்தக்காரர்கள் மாதிரி பேர். பேரில் முதல் வார்த்தை எப்போதும் விற்பவனுடைய பேராகவே இருக்கும். ஒரு பையன் தன் காதலியிடம், "இது அசல், அது போலி" என்று இரண்டு துண்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே தாயிலிருந்து வந்தவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெட்டியவன் என் பக்கத்து வீட்டுக்காரன்.

ஆர்டுரோ பரிசுச் சீட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். அவனும் சூளைக்காரன்தான், இப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். எமிலைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"மேஸ்திரி, ரஸல் அந்தக் கோடியில இருக்கான். நான் போய்க் கேட்டேன், நாயை விரட்டற மாதிரி விரட்டிட்டான். நீங்க கேட்டா குடுப்பான். நாங்க எல்லாம் தொட்டியில தண்ணி விட்டு ரெடியா வச்சிருக்கோம்."

"பாக்கறேன்."

"ஒண்ணு கிடைச்சாப் போதும். அது வளர்ந்து நீங்க வெட்டிக் குடுக்கற வரைக்கும் நாங்க காத்திருப்போம்."

"அதான் பாக்கறேன்னு சொன்னேன்ல."

ரஸல் நோல்டியின் கடை மண்டபத்திலேயே பெரியது. மூன்று மேஜை நீளம். நடுவில் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குத் தனி விளக்கு. உள்ளே ஐந்தாறு துண்டுகள். பச்சை, நுனியில் ஊதா. பெட்டியின் மேல் 'நோல்டி மரகதம்' என்று எழுதியிருந்தது. விலையைப் பார்த்தேன். இப்போது நான் வேலை பார்க்கும் ஸ்பிரிங் கம்பெனியில் ஒரு வாரம் நிற்பதற்குக் கிடைக்கிற கூலி.

எமில் பெயரையும் படிக்கவில்லை, விலையையும் படிக்கவில்லை. குனிந்து பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் கை ஊன்றி, சூளைக் கதவின் கண் வழியாக நெருப்பைப் பார்ப்பாரே, அதே மாதிரி.

ரஸல் ஆலையில் கிரேன் ஓட்டியவன். கொழுத்திருந்தான். பனியனில் அவனுடைய சின்னம். பக்கத்தில் வெயிலில் கறுத்த முகத்தோடு ஒரு ஆள் போனில் கடையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இந்த ஊரில் பிப்ரவரியில் அந்த நிறத்தில் எவனும் இருக்க முடியாது.

"மேஸ்திரி, வாங்க. கேள்விப்பட்டேன். எல்லாம் போயிடுச்சாமே."

"போயிடுச்சு. நீ போன் எடுக்கல."

"வேலை மேஸ்திரி. தலைக்கு மேல."

"சரி, இருக்கட்டும். ஒரு நகத்தளவு குடு, நான் கிளம்பறேன்."

ரஸல் அந்த வெயில்காரனைத் திரும்பிப் பார்த்தான். "இங்க வேணாம். அந்தப் பக்கம் வாங்க."

சமையலறை வாசலுக்குக் கூட்டிப்போனான். தீயணைப்புக்காரர்களின் மனைவிமார் வெங்காயம் வதக்கி, பியரோகி என்கிற கொழுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே சாதாரண வெள்ளை டியூப்லைட். நீலத்தை விட்டு வெளியே வந்ததும் அவன் முகம் தொங்கிப்போயிருப்பது தெரிந்தது. தூங்காதவன் முகம்.

"மேஸ்திரி, ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது."

"நீ சொல்லு. என் கோவத்தை நான் பாத்துக்கறேன்."

"அவர் ஃபுளோரிடாவுல இருந்து வந்திருக்கார். அவங்க கம்பெனி இதை எடுத்துக்கிச்சு. தாய்ப்பவளத்துல பாதி அவங்களுக்கு. நாடு பூரா விக்கப் போறாங்க. எனக்கு ஒவ்வொண்ணுக்கும் பங்கு வரும். ஒரே நிபந்தனைதான், வேற யார்கிட்டயும் இது இருக்கக் கூடாது. ஜனவரியில கேட்டாங்க, யார்கிட்ட எல்லாம் இருக்குன்னு. யார்கிட்டயும் இல்லன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அது பொய் இல்லையே மேஸ்திரி."

"பொய் இல்ல" என்றார் எமில்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க தெருவுல கம்பி அறுந்தது உனக்கு நல்லதாப் போச்சு. அறுந்த கம்பிக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டியா?"

"டுவேன், நீ வாயை மூடு. உனக்கு ஒரு கம்பெனி இருக்கு, வெள்ளிக்கிழமை ஆனா கூலி வருது. எனக்கு மூணு பிள்ளைங்க. பெரியவளுக்கு ரத்தத்துல சர்க்கரை, தினமும் ஊசி. கிரேன்ல இருந்து இறக்கிவிட்டவனை எவன் திரும்ப ஏத்தறான்? இது ஒண்ணுதான் எனக்கு மாட்டிச்சு. விடச் சொல்றியா?"

"உன்னை யாரு விடச் சொன்னது? ஒரு துண்டு கேட்டாரு மனுஷன். அவரோட துண்டை."

"சண்டை வேணாம்" என்றார் எமில். பிறகு ரஸலிடம், "உன்னை வேலையை விட்டு அனுப்பினாங்களே, அந்த வாரம் என் வீட்டுக்கு வந்தே. என் தொட்டியில இருந்த எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு வெட்டிக் குடுத்தேன். அப்ப நான் என்ன சொன்னேன்?"

"என்னோடது செத்தா திருப்பிக் குடுன்னு சொன்னீங்க."

"செத்துப்போச்சு."

"அதனாலதான் தர்றேன்."

நாங்கள் இரண்டு பேருமே இதை எதிர்பார்க்கவில்லை. ரஸல் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த ஆளுக்குத் தெரியாம தர்றேன். ஒண்ணே ஒண்ணு. ஆனா அது உங்க தொட்டியோட நிக்கணும். வெட்டி யாருக்கும் குடுக்கக் கூடாது. ஆர்டுரோவுக்கு இல்ல, இவனுக்கு இல்ல, யாருக்கும் இல்ல. ஒரு கை மாறிச்சுன்னா ரெண்டு வருஷத்துல கிழக்குப் பக்கம் பூரா வந்துரும். உங்களைத் தெரியாதா எனக்கு? அப்புறம் என் பொழப்பு போச்சு."

"எழுதிக் குடுக்கணுமா?"

"எழுத்தெல்லாம் எதுக்கு மேஸ்திரி? நீங்க வாயால சொன்னாப் போதும். உங்க வார்த்தையை ஆலையில எவனாவது சந்தேகப்பட்டிருக்கானா?"

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் கேடு. காகிதம் என்றால் எமில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் அதில் மூக்கைச் சிந்தியிருப்பார். வார்த்தை வேறு. துணைக்கு ஆள் இல்லாமல் எவனையும் சூளை மூடிமேல் ஏற்ற மாட்டேன் என்று ஒருமுறை எங்களிடம் சொன்னார். மேலாளர் வந்து கத்தினான், உற்பத்தி நின்றது, அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு இன்னொருவனுக்குப் போனது. எவனும் தனியாக ஏறவில்லை. நான் இன்றைக்கு இரண்டு கையோடு இருக்கிறேன் என்றால் அந்த வார்த்தையும் ஒரு காரணம்.

அவர் திட்டிவிட்டு வெளியே நடப்பார் என்று நினைத்தேன். கையில் டிரக் சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

எமில் ரஸலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, இருட்டுக்குள் எரிந்துகொண்டிருந்த அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். பியரோகி சட்டியைக் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றார்.

"சரின்னா?"

"யாருக்கும் குடுக்க மாட்டேன்."

ரஸல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஒருவேளை அழுதுவிடுவானோ என்று பயந்தேன். நல்லவேளை, அந்த அசிங்கம் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஒரு துண்டைப் போட்டு, செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தான். எமில் அதைக் கோட்டுக்குள், சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் வைத்துப் பொத்தான் போட்டார். குளிர்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கொண்டுபோவோம், உடம்புச் சூடு வேண்டும். அன்றைக்கு அது திருட்டுப் பொருளை மறைக்கிற மாதிரி இருந்தது.

வெளியே போக ஆர்டுரோவின் மேஜையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

"மேஸ்திரி, என்னாச்சு?"

"இல்லப்பா."

"இல்லையா? அங்க பெட்டியில மின்னுதே."

"அதுக்கெல்லாம் விலை இருக்கு."

ஆர்டுரோ ரஸலின் தாயையும் தாய்க்குத் தாயையும் ஸ்பானிஷில் வரிசையாக விசாரித்தான். பிறகு எமிலின் தோளைத் தொட்டான். "விடுங்க மேஸ்திரி. உங்களுக்கே இல்லன்னு சொல்லிட்டான்னா அவன் மனுஷனே இல்ல. மனசுல வச்சுக்காதீங்க. வீட்டுல அரிசியும் பயறும் ஆக்கியிருக்கு, சாயங்காலம் வாங்க, சாப்பிட்டுப் போகலாம்."

"இன்னொரு நாள்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஆர்டுரோவிடம் ஒரு பரிசுச் சீட்டு வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

டிரக்கில் ஏறியதும் சூட்டைக் கூட்டச் சொன்னார்.  மூடிக்கிடக்கும் சூளைகளின் பக்கம் வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"அவங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"என்கிட்டயும் குடுக்க மாட்டீங்க."

"அவன் உன்னைக் காட்டித்தானே கேட்டான்? நீயும்தான் நின்னுட்டு இருந்தே."

"வாங்காம வந்திருக்கலாம் மேஸ்திரி."

"வந்திருக்கலாம்." ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "நீ காலைல எழுந்து வேலைக்குப் போறே. நான் காலைல எழுந்து கீழ இறங்கறேன். ரெண்டு மாசமா கீழ தண்ணி மட்டும் ஓடுது. வெறும் தண்ணிக்கு விளக்கு போட்டுட்டு உக்காந்திருக்கேன். நீ உக்காந்து பாரு, அப்புறம் சொல்லு."

 டிரக் சூட்டில் எனக்கு வேர்த்தது. அவர் கோட்டைக் கழற்றவில்லை.

துண்டு பிழைத்தது. அவர் கையில் பிழைக்காமல் எங்கே போகும்? மே மாதத்தில் கல்லின் மேல் பச்சையாகப் படர்ந்து ஒட்டிக்கொண்டது. ஜூலையில் மூன்று நுனி. செப்டம்பரில் குழந்தையின் கை அளவு. ஆனால் அதற்குள் அவர் வீட்டுக்குள் யாரும் போவது நின்றுவிட்டது. சங்கக் கூட்டம் மாதத்துக்கு ஒரு தடவை அந்த நிலவறையில்தான் நடக்கும். படி உடைந்திருக்கிறது என்றார். அப்புறம் ஈரம், பூஞ்சை என்றார். கூட்டத்தை ஆர்டுரோ தன் வீட்டுக்கு மாற்றினான். எமில் போகவில்லை. எனக்கு மட்டும்தான் கதவு திறந்தது, எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. நான் போவேன், பழைய ஸ்டூலில் உட்காருவேன், இரண்டு பேரும் பீர் குடித்துக்கொண்டு தொட்டியைப் பார்ப்போம். முன்பெல்லாம் எதைப் பார்த்தாலும், இந்தக் கிளையை அவனுக்கு, அந்தக் கிளையை இவனுக்கு என்றுதான் பேச்சு ஓடும். அந்தப் பேச்சு போனதும் பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை.

ஜெனரேட்டரை மட்டும் புதிதாக வாங்கினார். இரண்டு.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அங்கே இருந்தபோது வாசல் மணி அடித்தது. மேலே போனார், நானும் பின்னால் போனேன். ஆர்டுரோ நின்றிருந்தான். தேவாலயத்துக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான்.

"மேஸ்திரி, உங்ககிட்ட இருக்குன்னு சொல்றாங்க. நான் நம்பல. அதான் நேர்ல கேக்க வந்தேன்."

"இருக்கு."

 ஆர்டுரோ சிரிக்கப் பார்த்தான். "அப்ப நல்லதாப் போச்சு. எப்ப வாங்கினீங்க, எப்படி வாங்கினீங்க, எனக்கு எதுவும் வேணாம். ஒரு நகத்தளவு குடுங்க. என் தொட்டி காலியாத்தான் கிடக்கு."

"முடியாது."

"இப்ப முடியாதுன்னா வளர்ந்தப்புறம்…"

"எப்பவும் முடியாது. வார்த்தை குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

 எமில் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஆர்டுரோ என்னைப் பார்த்தான். நான் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த நாய்க்குக் குடுத்த வார்த்தையா?" என்றான். "எங்களுக்குக் குடுத்தது என்னாச்சு மேஸ்திரி? என்னோடது செத்தா நீ குடு, உன்னோடது செத்தா நான் தர்றேன். அது வார்த்தை இல்லையா? அதை எங்க போட்டீங்க?"

"அதுவும் வார்த்தைதான்."

"அப்புறம்?"

"ரெண்டையும் காப்பாத்த முடியல. கடைசியாக் குடுத்ததைக் காப்பாத்தறேன்."

 ஆர்டுரோ கதவு நிலையில் கை வைத்தான், எடுத்தான். "என் பொண்டாட்டி சூப் குடுத்துவிட்டா" என்று கையிலிருந்த தூக்கைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கீழே வந்தோம். தொட்டியில் ஒரு பெரிய நத்தை பச்சைக் கொம்பின் மேல் ஏறியிருந்தது. அதன் கனம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து மணலில் கிடந்தது. இது அடிக்கடி நடப்பதுதான். முன்பென்றால் முறிந்ததை எடுத்து, வட்டக் கல்லில் பசை வைத்து ஒட்டி, யாருக்கு என்று ஒரு பேரையும் சொல்லியிருப்பார்.

சட்டைக் கையை மடித்து உள்ளே விட்டு அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அழகான துண்டு, மூன்று நுனியும் ஊதா. ஆர்டுரோவின் கார் இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்காது.

"மேஸ்திரி," என்றேன், "நீங்க வெட்டல, நத்தை வெட்டிச்சு. நீங்க யாருக்கும் குடுக்க வேணாம். அந்த மேஜைமேல வச்சுட்டு மேல போய் சூப்பைச் சூடு பண்ணுங்க. திரும்பி வர்றப்ப அது இருக்காது. அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார். மேலாளர் கத்தியபோது அவனைப் பார்த்த அதே பார்வை. அதை என்மேல் திருப்புவார் என்று நான் நினைத்ததில்லை.

துண்டைச் சிமெண்ட் தரையில் போட்டு ஷூவின் குதிகாலை வைத்து அழுத்தினார். கல்லுப்பை மிதித்த மாதிரி சத்தம் கேட்டது. காலைத் திருப்பி இன்னொரு முறை அழுத்தினார். பிறகு துடைப்பத்தை எடுத்துக் கூட்டி, முறத்தில் வாரி, குப்பைத் தொட்டியில் காப்பிச் சக்கையின் மேல் கொட்டினார்.

குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே, "ஃபில்டர் பஞ்சு மாத்தணும். அந்த வாளியை எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.